எட்டாவது வரி

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் நலம். அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் வேலைநிறுத்தம் செய்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் நாங்கள் பேப்பரில் படித்துக்கொள்கிறோம்.

பேப்பரில்தான் படித்தோம். ஜெனரலாகப் போகிறவர்கள் பட்டியலில் உன் பெயர் மூன்றாவது. மாமா அதைக் கத்தரித்துக் கடை வாசலில் ஒட்டிவிட்டார். மூக்குக்கண்ணாடி வாங்க வருகிறவர்கள் கண்ணாடி இல்லாமலே அதைப் படித்துவிடுகிறார்கள், வியாபாரம் என்னத்துக்கு ஆகும். பக்கத்து மருந்துக்கடைக்காரர் வந்து, "இஞ்சின் நின்னுபோயும் ஊர் மேல விடாம ஆத்து மணல்ல கொண்டுபோய் இறக்கினாரே, அவரா உங்க தம்பி?" என்று கேட்டார். இருபது வருடமாகப் பக்கத்துக் கடை, இப்போதுதான் கேட்கிறார். அவரேதான் என்றேன். எனக்கு அரை அடி உயரம் கூடிவிட்டது.

நீ முதல் தடவை நம் தெருவுக்கு மேலே பறந்த நாள் ஞாபகம் வந்தது. தட்டிலிருந்த லென்ஸெல்லாம் கிணுகிணுவென்று நடுங்கின. அப்பா ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர், அவரை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார். நீ போன பிறகும் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே அந்த மனிதர் எட்டு வரியையும் படித்து முடித்துவிட்டு, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த அட்டை இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. அதன் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதித்தானே இரண்டு பேரும் வளர்ந்தோம். கடைசி வரியை ஒரே மூச்சில் யார் முதலில் சொல்வது என்று பந்தயம் வைப்போம். ந ய ட ல க ம ச ப. எனக்கு இன்னும் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். வேளாவேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். மாமாவின் முழங்காலுக்கு என் அனுதாபம்.

என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, சர்ட்டிபிகேட்டே இருக்கிறது. வருடாந்தரப் பரிசோதனை சென்ற வாரம் முடிந்தது. ரத்த அழுத்தம், இருதயம், காது எல்லாம் தேர்ச்சி. கண் டாக்டர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. ஜெனரலாகப் போகிற மனிதர் கண்ணில் டார்ச் அடிக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, "கடைசி வரி மட்டும் படிங்க சார், போதும்" என்றார். அட்டை நம் கடையில் தொங்குகிறதே, அதே அச்சு. ஒரே மூச்சில் சொன்னேன். "இந்த வயசுலயும் கழுகுக் கண்ணு சார் உங்களுக்கு" என்றார். நீ பக்கத்தில் இருந்திருந்தால் பந்தயத்தில் தோற்றிருப்பாய்.

எங்கள் படையில் ஒரு வழக்கம் உண்டு. தோளில் நட்சத்திரம் குத்தியாகிவிட்டால் பிறகு போர்விமானம் ஓட்ட முடியாது, மேஜைதான். அதனால் அதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை ஒன்பது விமானங்களுக்குத் தலைமை தாங்கிப் பறக்க வேண்டும். மே 12 அன்று. மலைப் பள்ளத்தாக்கு வழியாக வந்து, கூடியிருக்கிற குடும்பங்களின் தலைக்கு மேலே போவோம்.

முப்பத்திரண்டு வருடம் பறந்தும் ஆச்சரியம் தீரவில்லை அக்கா. முந்தாநாள் பொழுது சாயும்போது இறங்கினேன். ஓடுதள விளக்குகள் ஒவ்வொன்றும் பூவாக விரிந்து, சுற்றிலும் வண்ண வளையம். அப்போதுதான் எழுந்த நிலவுக்குப் பக்கத்தில் இன்னொரு நிலவு, ஒட்டினாற்போல. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு அழகைப் பார்த்ததில்லை. வானம் என்னை வழியனுப்புகிறது என்று நினைத்துக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது, யாரிடமும் சொல்லாதே.

அன்புத் தம்பி


பிப்ரவரி 5

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் கடிதத்தை மாமாவுக்கு இரண்டு முறை வாசித்தேன். விளக்கு பூவாக விரிந்த இடம் வந்ததும் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். "முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன், எனக்கு ஒரு விளக்காவது பூத்துச்சா?" என்கிறார்.

எனக்கும் மெய்சிலிர்த்தது. அதை மறைக்கவில்லை.

ஒரு சின்ன சந்தேகம். கடைக்காரி புத்தி எங்கே போகும். அந்த இரண்டாவது நிலவு, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் தெரிகிறதா? வலது கண்ணை மூடினால்? மறுபடி தெரியும்போது பார்த்து எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

குளிர்காலம், காதை மூடிக்கொள். மொட்டைத் தலையில் காற்று நேராக இறங்கும்.

அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் இருவர் நலமும் அறிந்து மகிழ்ச்சி. பதில் தாமதமாகிவிட்டது, அணிப் பயிற்சி தொடங்கிவிட்டதால் மூச்சுவிட நேரமில்லை.

ஆற்று மணலில் இறக்கிய கதையை நான் உனக்கு முழுதாகச் சொன்னதே இல்லை. இஞ்சின் நின்றதும் முதலில் கேட்டது காற்று. அத்தனை வருடம் அதற்குள்ளேயே இருந்தும் அதன் சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். குதிக்கச் சொல்லி ரேடியோவில் கத்துகிறார்கள். நான் குதித்தால் விமானம் எங்கே விழும் என்று கீழே பார்த்தேன். ஒரு மொட்டைமாடியில் ஒரு பெண் சிவப்புப் போர்வையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் போர்வையில் குத்தியிருந்த கிளிப் வரைக்கும் எனக்குத் தெரிந்தது அக்கா. மூன்று கிளிப். அதைப் பார்த்த பிறகு குதிக்க மனசு வரவில்லை. அப்படிப்பட்ட கண் இது.

என் அணியில் நாலாவது விமானம் ஓட்டுகிற பெண் அடுத்த வாரம் உங்கள் பக்கம் வருகிறாள். எல்லாரும் அவளை நாலாம் நம்பர் என்றே கூப்பிடுகிறோம். அவளிடம் அணியின் படம் ஒன்று கொடுத்தனுப்புகிறேன். நல்ல பெண், நன்றாகக் கவனித்துக்கொள்.

தம்பி


மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்பதை இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

உன் நாலாம் நம்பர் வந்தாள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றதும் யாரோ பள்ளிக்கூட டீச்சர் என்று நினைத்தேன். உன்னைப் பற்றிப் பேசும்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறாள். பள்ளத்தாக்கில் பறக்கும்போது பயமாக இருக்காதா, மலை அவ்வளவு கிட்டே வருமே என்று கேட்டேன்.

"மலையை நாங்க பாக்கவே மாட்டோம்மா" என்றாள். "சார் விமானத்தோட இறக்கை நுனியத்தான் பாப்போம். அதுல இருந்து கண்ண எடுக்கக் கூடாது. மலை, தரை, வானம் எல்லாத்தையும் எட்டு பேருக்கும் சேத்து சார் ஒருத்தர்தான் பாப்பாரு."

"அவர் தப்பாப் போனா?"

"நாங்களும் போவோம். ஆனா சார் தப்பாப் போக மாட்டாரும்மா."

குழந்தை அதற்குள் தட்டிலிருந்த ஒரு லென்ஸை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது. அதைப் பிடுங்குகிற சாக்கில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தம்பி, நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. கிளிப் கதை எழுதினாய். அது பதினைந்து வருடத்துக்கு முந்தின கண். உன் எழுத்தைப் பார்த்தால் கோட்டை விட்டு ஏறிப்போய் மேல் வரியில் இடிக்கிறது. விளக்கு பூப்பதும் நிலவு இரட்டிப்பதும் வானத்தில் நடப்பதில்லை. தினம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து யாராவது எனக்கு அதைச் சொல்கிறார்கள். புரை விழ ஆரம்பித்தவர்கள்.

டாக்டரிடம் நீ அட்டையைப் படிக்கவில்லை. ஒப்பித்தாய். வேண்டுமென்று செய்தாய் என்று சொல்ல மாட்டேன். நானே அந்த அட்டைப் பக்கம் திரும்பினால் என் வாயிலும் அதுதான் வரும்.

உள்ளே ஒட்டிய உறையில் ஒரு அட்டை இருக்கிறது. நான் என் கையால் எழுதியது, ஒரே வரி, எட்டு எழுத்து. யாரையாவது பிரிக்கச் சொல்லி இருபது அடி தள்ளிப் பிடிக்கச் சொல். ஒவ்வொரு கண்ணாக மூடிப் படித்து, என்ன தெரிந்ததோ அதை எழுது. ஏமாற்ற நினைத்தால் கிட்டே போய்ப் பார்த்தும் எழுதலாம். அது உன் மனசு.

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாலாயிரத்து எழுநூறு மணி நேரம் பறந்தவன் நான். எங்கள் டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தகுதி என்று எழுதியிருக்கிறார். நீ கண்ணாடிக்கடை நடத்துகிறாய். அவரவர் வேலையை அவரவர் பார்ப்பது நல்லது.

முப்பத்திரண்டு வருடம் இந்த ஒரு நாளுக்காக உழைத்திருக்கிறேன். கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளவில்லை. நீ வாழ்த்த வேண்டியவள்.

பயிற்சி இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.


ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

மாமாவின் நலத்தை நீ கேட்க மறந்துவிட்டாய். பரவாயில்லை, அவர் நலம்.

அவரைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆறு வருடத்துக்கு முன் பஸ் டிப்போவில் எல்லா டிரைவர்களுக்கும் கண் பரிசோதிக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். வரிசையில் அவரும் வந்து உட்கார்ந்தார். ஆறாவது வரிக்குக் கீழே தெரியவில்லை. "கொஞ்சம் பாத்துப் போடும்மா" என்று கண்ணாலேயே கெஞ்சினார். கட்டின புருஷன். நான் தகுதியில்லை என்று எழுதினேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட எழுந்துபோய் எடுத்துக்கொண்டார். அப்போது நீ எழுதினாய், "மாமா பாவம், ஆனால் அக்கா செய்தது சரி, பின்னால் அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று. அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது.

உங்கள் கண் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். போட்டால் உனக்கு நட்சத்திரம் போகலாம். எனக்குத் தம்பியே போகலாம். போடாவிட்டால் என்ன போகும் என்று அந்தக் கைக்குழந்தையைப் பார்த்த பிறகு எனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது, உன் மேல் கோபமாகவும் இருக்கிறது. அதை நீயே போய்ச் சொல்லிவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

நலமா. இருபத்தைந்து நாளாகத் தபால்காரர் என் முகத்தைப் பார்க்காமல் போகிறார். மாமா, "மச்சான் சொல்லிருவான், நீ கெடந்து தவிக்காத" என்கிறார். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

மே 5 காலை வரை காத்திருப்பேன். அதற்குப் பிறகு உறை தபால்பெட்டிக்குள் போய்விடும். உனக்குத் தெரியாமல் செய்ய மனமில்லை, அதனால் எழுதுகிறேன்.

அக்கா


மே 15

என் அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீயும் மாமாவும் நலமா. முதலில் அதைச் சொல்லிவிடு. போன கடிதத்தில் கேட்காமல் விட்டதற்கும் சேர்த்து இரண்டு தடவை கேட்கிறேன்.

நாலாம் தேதி மத்தியானம் உன் உறையை எடுத்துக்கொண்டு விமானக் கொட்டகைக்குப் போனேன். உனக்கு ஒரு பாடம் புகட்டலாம் என்றுதான் போனேன், உண்மையைச் சொல்கிறேன். நாலாம் நம்பர் அங்கே இருந்தாள். பிரித்துப் பிடிக்கச் சொன்னேன். இருபது அடி அளந்து நின்றேன். இடது கண்ணை மூடினேன். வெள்ளை அட்டையில் கறுப்பாக எறும்பு ஊர்கிற மாதிரி ஏதோ இருந்தது. வாயைத் திறந்தேன். சொல்லி முடித்தேன்.

"எல்லாம் கரெக்ட் சார்" என்றாள்.

சந்தோஷமாகத்தான் நடந்துபோனேன். அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூட அதில் இல்லை அக்கா. நான் சொன்னது ந ய ட ல க ம ச ப.

"ஏம்மா பொய் சொன்ன?" என்று கேட்டேன். அவளுக்கு முகம் வெளிறிவிட்டது.

"பொய் சொல்லணும்னு இல்ல சார். நீங்க சொன்னா அது சரியாத்தான் இருக்கும். அட்டையிலதான் ஏதோ தப்புன்னு நெனச்சேன்."

அந்தப் பெண் தன் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு என் வாயை நம்பினாள். பள்ளத்தாக்கிலும் அதைத்தான் செய்திருப்பாள். மீதி ஏழு பேரும் செய்திருப்பார்கள். இத்தனை வருடம் நான் சம்பாதித்த மரியாதை என்னவென்று அப்போதுதான் தெரிந்தது, எனக்கே என்னைக் கண்டு பயமாக இருந்தது.

நேராக டாக்டரிடம் போனேன். டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். வலது கண்ணில் நன்றாகவே புரை. இடதில் ஆரம்பம். அவர் அழாத குறை. "கையெழுத்துப் போட்டது நீங்கள். உங்களைப் போடவைத்தது நான்" என்று அவரிடம் சொல்லி, அதையே மேலிடத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பன்னிரண்டாம் தேதி நாலாம் நம்பர் தலைமை தாங்கினாள். அணியை எட்டாகக் குறைத்துவிட்டார்கள். நான் குடும்பங்களோடு புல்தரையில் நின்றேன். என் பக்கத்தில் அவளுடைய குழந்தை அதன் அப்பா தோளில் உட்கார்ந்திருந்தது. முதலில் சத்தம் வந்தது, பிறகு மலைக்கு நடுவிலிருந்து அவர்கள் வந்தார்கள். ஒரே கையின் விரல்கள் மாதிரி அக்கா. எட்டும் ஒன்றாகத் திரும்பின. முப்பத்திரண்டு வருடமாக நான் உள்ளேயே இருந்திருக்கிறேன், கீழே நிற்கிறவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அப்பா ஏன் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று இப்போது தெரிகிறது. எல்லாருக்கும் எட்டுத்தான் தெரிந்தது. எனக்குப் பதினாறு. பதினாறும் பத்திரமாக இறங்கின.

பறக்கத் தகுதியில்லாதவனுக்கு நட்சத்திரம் உண்டா என்று மேலே யோசிக்கிறார்களாம். யோசிக்கட்டும்.

இதோடு ஒரு உறை வைத்திருக்கிறேன். ஏழாம் தேதி டாக்டருக்கு வந்ததாம். அனுப்பியவர் இடத்தில் கடையின் பெயரைப் பார்த்து, பிரிக்காமல் என்னிடமே கொடுத்துவிட்டார். நானும் பிரிக்கவில்லை. நீ போட மாட்டாய் என்று நம்பித்தான் ஒரு மாதம் உனக்கு எழுதாமல் இருந்தேன். போட்டிருக்கிறாய். அக்கா, என்னை மன்னித்துவிடு.

அடுத்த மாதம் ஆபரேஷன். உன் அட்டை எனக்குத் தெரிந்துபோயிற்று, இனி உதவாது. வேறொன்று எழுதி அனுப்பு.

உன் தம்பி


ஜூன் 2

என் ராஜாவுக்கு,

நலம், நலம். இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று கடையைப் பாதியில் பூட்டிவிட்டேன். மாமா அந்த உறையைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டார். போட்டுவிட்டு வெளியே போய் மருந்துக்கடைக்காரரிடம் உன்னைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நீ ஆற்று மணலில் இறக்கியபோது ஊரே வாயைப் பிளந்தது, நானும்தான். அதைவிட இப்போது நீ டாக்டர் அறைக்குள் நடந்துபோனதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இவனை நானா இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தேன் என்று இருக்கிறது.

புது அட்டை உள்ளே இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் பிரிக்க வேண்டும். கண்ணைக் கசக்காதே. கனமாக எதையும் தூக்காதே. குனியாதே.

அக்கா


ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வலது கண் ஆபரேஷன் ஆயிற்று. வெள்ளை இத்தனை வெள்ளையாக இருக்கும் என்பதை மறந்தே போயிருந்தேன். சட்டைகளையெல்லாம் மறுபடி துவைக்கப் போட்டேன்.

நேற்று நட்சத்திரம் குத்தினார்கள். தலைமைத் தளபதி என் கோப்பை முழுதாகப் படித்திருந்தார். கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் விடாமல் நின்றார், அவ்வளவுதான். ஜெனரலாக நான் போட்ட முதல் உத்தரவு: எல்லா விமானதளங்களிலும் அந்தப் பழைய அட்டையைக் கழற்ற வேண்டும், பரிசோதனைக்குப் பரிசோதனை வேறு வேறு அட்டை. இரண்டாவது, யாராக இருந்தாலும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், ஜெனரலாக இருந்தாலும்.

இன்று காலை நாலாம் நம்பர் உன் புது அட்டையைப் பிடித்தாள். சரியா தப்பா என்று வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இருபது அடி, வலது கண். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்:

ர வ த ற ங ட ன ழ

நீயே திருத்து.

உன் தம்பி


ஆகஸ்ட் 6

ஜெனரல் அவர்களுக்கு,

அக்காவின் வணக்கம். இங்கே எல்லாரும் நலம். நம் கடையிலும் அப்பாவின் அட்டையை ஆணியிலிருந்து எடுத்துவிட்டேன். மாமா அதைச் சட்டம் போட்டு உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். மருந்துக்கடைக்காரர் இனிமேல் உன்னை ஜெனரல் என்றுதான் சொல்வாராம், எனக்கும் தம்பி என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அவ்வளவு பெரிய ஆளாகிவிட்டாய்.

ஏழு சரி. ஆறாவது தப்பு. அது ட இல்லை, ப.

கொஞ்சம் பவர் இருக்கிறது. இத்துடன் கண்ணாடி அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்.

அக்கா